கலவை நாணய லாட்: கிலோவா, படம் பார்த்தா, ஏலப் பெட்டியா?

உலக நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது. இணையத்தில் ஒருவர் "உலக நாணயங்கள், ஒரு கிலோ" என்று விற்கிறார். இன்னொருவர் மேஜையில் அறுபது காசைக் கொட்டிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். ஏல நிறுவனம் ஒன்று, யாரோ வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை அட்டைப் பெட்டியோடு ஏலத்துக்கு வைத்திருக்கிறது. இப்படிப் பல காசுகளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்புதான் "லாட்". மூன்றுமே மலிவாகத் தெரிகின்றன. கையில் இருப்பதோ ஒன்றுக்கான பணம். எதில் போடுவது?

என் ஓட்டு படம் போட்ட சிறு லாட்டுக்கு. காரணம் எளிது. விற்பவருக்குத் தெரியாத ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால்தான் கலவை லாட்டில் லாபம் பிறக்கும். அதற்குக் காசு கண்ணில் பட வேண்டும். ஆனாலும் மற்ற வழிகள் வெல்லும் நேரங்கள் உண்டு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி: வாங்கும் முன் எவ்வளவு பார்க்க முடிகிறது? ஆண்டு எண் படிக்கத் தெரிகிற படமா, குவியலின் நிழலா, அல்லது "இதைப் போன்றது வரும்" என்கிற மாதிரிப் படமா?

இரண்டாவது, வீடு வந்து சேரும்போது ஒரு காசின் அடக்கவிலை. பட்டியலில் உள்ள விலையை விட்டுவிடுங்கள். அதோடு தபால் செலவு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம், அந்தச் சுங்கத்தைக் கட்டிக்கொடுத்ததற்காகக் கூரியர் தனியாகப் போடும் கட்டணம், நாணய மாற்றில் வங்கி பிடிப்பது எல்லாவற்றையும் கூட்டி, உங்களுக்கு உண்மையில் பயன்படும் காசுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் எல்லா லாட்டும் மலிவாகத்தான் தெரியும்.

மூன்றாவது, விற்பவர் யார்? நாணய வியாபாரியா, வீட்டைக் காலி செய்கிறவரா? எனக்கு இதுதான் முக்கியம், பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான். அப்புறம் பிரிக்க ஆகும் நேரம், மிஞ்சுவதைத் தள்ளிவிட வழி, போலி வந்தால் திருப்பி அனுப்பும் வசதி. இவை சிறியவை போலத் தெரிந்தாலும் கடைசியில் கணக்கைக் கவிழ்ப்பவை.

## கிலோ லாட்

புழக்கத்தில் இருந்த நாணயத்தின் சராசரி எடை 4, 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 200 முதல் 250 காசு வரும். ஆனால் எடைக்கு வாங்கும்போது எடையே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். பிரிட்டனின் பழைய பெரிய வெண்கலப் பென்னி ஒவ்வொன்றும் 9.4 கிராம். கிலோ முழுக்க அதுவாக வந்தால் 106 காசுதான், அதுவும் ஒரே முகம். அலுமினியக் காசுகள் நிறைய இருந்தால் எண்ணிக்கை எகிறும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

இந்தக் கிலோக்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதும் புரியும். நாணய மாற்று நிலையங்கள் பெரும்பாலும் தாளைத்தான் மாற்றும், சில்லறையைத் தொடாது. அதனால் பயணிகள் கொண்டு வந்த மிச்சச் சில்லறை இழுப்பறைகளிலும் நன்கொடைப் பெட்டிகளிலும் சேர்கிறது. அது மூட்டை மூட்டையாக மொத்த வியாபாரிக்குப் போய், அங்கிருந்து கிலோவாகப் பிரிந்து வருகிறது. 2002இல் யூரோ நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தபோது இத்தாலியின் லிரா, ஸ்பெயினின் பெசெட்டா, பிரான்ஸின் ஃபிராங்க், ஜெர்மனியின் ஃபெனிக் எல்லாம் ஒரே வீச்சில் செல்லாக்காசானதால், எந்தக் கிலோவைப் பிரித்தாலும் அவைதான் முன்னால் வந்து நிற்கும்.

"பிரித்துப் பார்க்காத லாட்" என்கிற விளம்பரத்துக்கு ஒரு காசு கூட அதிகம் கொடுக்காதீர்கள். மூட்டை உங்களிடம் வருமுன் பல கை மாறியிருக்கிறது. அதே விற்பனையாளர் தன் பக்கத்தில் வெள்ளிக் காசுகளைத் தனியாக விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால், அந்த வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு கிலோவிலும் ஒரு சின்ன வெள்ளிக் காசைத் தானே போட்டு அனுப்பி, நல்ல மதிப்புரை வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை. அடுத்த கிலோவில் இன்னும் நிறைய இருக்கும் என்று நாம் நம்பிக்கொள்வதுதான் சிக்கல்.

கிலோவில் கைவிடக்கூடாத ஒன்று ஜெர்மன் மார்க். ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் இன்னும் காலவரம்பின்றி மார்க்கையும் ஃபெனிக்கையும் மாற்றித் தருகிறது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்பது நிலையான விகிதம். ஜெர்மனிக்குப் போகிற நண்பர் இருந்தால் சேர்த்து வைத்துக் கொடுத்தனுப்பலாம். தபாலில் அனுப்புவதானால் கணிசமாகச் சேர்ந்த பிறகுதான் கட்டுப்படியாகும். பெசெட்டாவுக்கு அந்த வாசல் 2021 ஜூன் 30இல் மூடிவிட்டது. பிரெஞ்சு ஃபிராங்க் நாணயங்களுக்கு 2005இலேயே முடிந்துபோனது.

யாருக்குக் கிலோ சரி? ஒவ்வொரு நாட்டிலும் ஒரு காசு வேண்டும் என்று தொடங்குபவருக்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரிக்க நினைப்பவருக்கு, எந்த எழுத்து எந்த நாடு என்று கையால் தொட்டுக் கற்க விரும்புபவருக்கு. முதல் கிலோவில் கிட்டத்தட்ட எல்லாமே புதிது, ஆகவே அடக்கவிலை குறைவு. மூன்றாவது கிலோவில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வைத்திருப்பவை, ஆகவே அதே விலை உண்மையில் இரட்டிப்பு. இரண்டோடு நிறுத்துவது நல்லது என்பேன். லாபம் தேடுபவருக்குக் கிலோ எந்தக் கட்டத்திலும் சரிப்படாது.

## படம் போட்ட சிறு லாட்

முப்பது முதல் நூறு காசு வரை பரப்பி வைத்து எடுத்த படம். விற்பவர் நாணயக்காரர் இல்லை. அதே நபர் அதே வாரம் பழைய கேமராவும் தேநீர்க் கோப்பைகளும் விற்கிறார். இதுதான் நான் தேடுகிற லாட். தேடும்போது நாணயப் பிரிவுக்குள் மட்டும் நிற்க வேண்டாம். நகை, பழம்பொருள், "இழுப்பறையில் கிடந்தவை" என்று வேறு பிரிவுகளில் போட்டிருப்பதை மற்ற சேகரிப்பாளர்கள் பார்ப்பது குறைவு. பிறமொழித் தளங்களிலும் தேடலாம். ஜெர்மன்காரர்கள் கலவைத் தொகுப்பைக் "கொன்வொலூட்" என்று போடுவார்கள், பிரெஞ்சுக்காரர்கள் "வ்ராக்" என்பார்கள்.

படத்தில் முதலில் தேட வேண்டியது வெள்ளி. அரிய காசு தேடுவது ஆசைக்குச் சரி, ஆனால் வெள்ளிக்குத் தினமும் விலை உண்டு, வாங்க எப்போதும் ஆள் உண்டு. நாடு நாடாக எந்த ஆண்டோடு வெள்ளி நின்றது என்பதை மனப்பாடம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. அடிக்கடி லாட்டில் சிக்குபவை இவை:

| காசு | வெள்ளி உள்ள ஆண்டுகள் | வெள்ளி சதவீதம் | பிறகு வந்தது |
|---|---|---|---|
| சுவிஸ் ½, 1, 2 ஃபிராங்க் | 1967 வரை | 83.5 | செம்பு-நிக்கல், அதே தோற்றம் |
| பிரான்ஸ் 5 ஃபிராங்க், விதை தூவும் பெண் | 1960–1969 | 83.5 | நிக்கல் பூசியது, அதே தோற்றம் |
| நெதர்லாந்து 1 கில்டர், யூலியானா அரசி | 1954–1967 | 72 | நிக்கல், காந்தம் இழுக்கும் |
| பிரிட்டன் 6 பென்ஸ் முதல் அரை கிரவுன் வரை | 1919 வரை. 1920–1946 | 92.5, 50 | செம்பு-நிக்கல் |
| அமெரிக்கா டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) | 1964 வரை | 90 | விளிம்பில் செம்புக் கோடு தெரியும் |
| கனடா 10, 25 சென்ட் | 1920–1966 | 80 | 1967இல் 80, 50 சதவீதம் இரண்டும், 1968இல் 50 சதவீதமும் நிக்கலும் கலந்தவை. பிறகு நிக்கல் |
| பிரிட்டிஷ் இந்திய ரூபாய் | 1939 வரை. 1940–1945 | 91.7; 50 | நிக்கல் |
| ஜெர்மனி 5 மார்க் | 1951–1974 | 62.5 | வேறு வடிவமைப்பு |
| ஜப்பான் 100 யென் | 1957–1966 | 60 | செம்பு-நிக்கல் |
| சுவீடன் 1 க்ரோனா | 1942–1968 | 40 | செம்பு-நிக்கல் |
| மெக்சிகோ 1 பெசோ | 1957–1967 | 10 | செம்பு-நிக்கல் |

இதில் சுவிஸ் காசுதான் எனக்கு மிகப் பிடித்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஒரே உருவம். 1967க்கும் 1968க்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை. விற்பவர் "இன்னும் புழக்கத்தில் இருக்கும் காசு" என்று நினைத்துப் போட்டுவிடுகிறார். கையில் வந்ததும் மின்தராசில் வையுங்கள். வெள்ளி 1 ஃபிராங்க் 5 கிராம், செம்பு-நிக்கல் 4.4 கிராம். பிரெஞ்சு 5 ஃபிராங்கும் இப்படித்தான், வெள்ளியில் 12 கிராம், பின்னால் வந்தது 10 கிராம். கடைசி வரிசையில் உள்ள மெக்சிகோ பெசோவோ இதற்கு நேர் எதிர். பெரிதாக, கனமாக இருக்கும், "வெள்ளி" என்று தலைப்பிலும் போட்டிருப்பார்கள். 16 கிராம் காசில் வெள்ளி 1.6 கிராம்தான்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. கில்டரையும் கனடாவின் காசையும் அது சட்டென்று பிரித்துக் காட்டும், ஏனெனில் பின்னால் வந்தது சுத்த நிக்கல். ஆனால் செம்பு-நிக்கலும் வெள்ளியும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. "காந்தத்தில் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி" என்று எழுதி விற்பவரைப் பார்த்தால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்த சுரங்கம், விற்பவரால் படிக்க முடியாத எழுத்து. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அரபு, தாய், ஜப்பானிய எழுத்துள்ள காசை "அடையாளம் தெரியாதவை" என்று ஓரமாக ஒதுக்கி, சும்மா சேர்த்துத் தருவார். ஆண்டைப் படிப்பது கடினமே இல்லை. தாய்லாந்தின் புத்த ஆண்டிலிருந்து 543 கழித்தால் போதும். ஜப்பானின் ஷோவா ஆண்டோடு (ஒரு பேரரசரின் ஆட்சியாண்டு எண்) 1925 கூட்ட வேண்டும். ஆக, ஷோவா 32 முதல் 41 வரை உள்ள 100 யென் எல்லாம் வெள்ளி. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய வந்துவிடும். உதுமானியப் பேரரசின் காசில் மட்டும் கவனம் தேவை. அதில் பெரிதாகத் தெரியும் ஆண்டு சுல்தான் அரியணை ஏறிய ஆண்டு, அச்சடித்தது அல்ல. 1293, 1327 என்றெல்லாம் பார்ப்பீர்கள். உண்மையான ஆண்டுக்கு, தனியாகச் சிறிதாக இருக்கும் ஆட்சியாண்டு எண்ணையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஃபாரூக் மன்னர் காலத்து எகிப்திய வெள்ளிக் காசுகள் இந்த "அடையாளம் தெரியாத" குவியலில் அவ்வப்போது சிக்கும்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? விலையை விடுங்கள், கிராமில் கணக்குப் போடுங்கள். படத்தில் 60 காசு. 1960களின் பிரெஞ்சு 5 ஃபிராங்க் இரண்டு, தலைக்கு 10 கிராம் சுத்த வெள்ளி. 1967க்கு முந்தைய சுவிஸ் 1 ஃபிராங்க் மூன்று, சேர்ந்து 12.5 கிராம். பழைய கில்டர் ஒன்று, 4.7 கிராம். மொத்தம் 37 கிராம். அன்றைய வெள்ளி விலையில் வியாபாரி எவ்வளவு கழித்து வாங்குவாரோ அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். லாட்டின் விலையும் தபாலும் அதற்குள் அடங்கினால் மீதி 54 காசு இலவசம். அடங்காவிட்டால், மீதி 54இல் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம், ஆனால் தெரியாததற்குப் பூஜ்யம்தான் போட வேண்டும். "கீழே மறைந்திருக்கும் அந்தக் காசு ஒருவேளை..." என்கிற ஒருவேளைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினால், படம் பார்த்து வாங்குவதும் கிலோ வாங்குவதும் ஒன்றாகிவிடும்.

ஆண்டு தெளிவாகத் தெரியவில்லையா? அந்த ஒரு காசைச் சுட்டி ஆண்டு கேட்காதீர்கள், விற்பவர் உடனே தேட ஆரம்பித்துவிடுவார். "எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு இன்னொரு படம் தர முடியுமா" என்று கேளுங்கள். இது தந்திரமா என்று சிலர் சங்கடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். விலை வைத்தது அவர், பொருளை மறைக்கவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இதில் உறுத்தல் இல்லை. ஆனால் முதியவர் ஒருவர் "இது ஏதாவது பெறுமா" என்று நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது வேறு கணக்கு.

இந்த வழியின் மறைமுகச் செலவு தபால். சிறு லாட்டுக்குத் தபால் செலவே லாட்டின் விலையைத் தாண்டிவிடலாம். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று லாட் சேர்த்து எடுத்து ஒரே பொட்டலமாகக் கேட்டால்தான் கட்டுப்படியாகும். இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது: தேடும் நேரம். தினமும் பட்டியலை உருட்டுவது பிடித்தவருக்கு அது பொழுதுபோக்கு, பிடிக்காதவருக்குக் கூலியில்லா வேலை.

பெரிய வெள்ளி டாலர்கள் கலவை லாட்டில் கண்ணைப் பறிக்கும்போது சற்றுப் பின்வாங்குங்கள். அமெரிக்க மார்கன் டாலர், வணிக டாலர், சீனாவின் யுவான் ஷிகாய் டாலர், பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்டர் ஆகியவற்றில் போலிகள் ஏராளம். மார்கனின் சரியான எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். இரண்டில் ஒன்று தப்பினாலும் விடுங்கள். 1780 என்று போட்ட மரியா தெரேசா தாலர் மட்டும் தனிக்கதை. அந்த ராணி இறந்த பிறகும் அதே ஆண்டோடு பல நாணயச் சாலைகள் அடித்துக்கொண்டே இருந்தன. பெரும்பாலும் பிற்காலத்து அச்சுதான், ஆனால் 28 கிராம் எடையில் 83.3 சதவீதம் வெள்ளி. பழமைக்குக் கொடுக்காமல் வெள்ளிக்கு மட்டும் கொடுத்தால் நஷ்டம் இல்லை.

## ஏல நிறுவனத்தின் பெட்டி

இறந்துபோன ஒருவரின் சேகரிப்பு, சிகரெட் டப்பாவும் உறையும் ஆல்பமுமாக, ஒரே லாட்டாக வரும். ஏலக்காரர்கள் விலையுயர்ந்தவற்றைத் தனித்தனி லாட்டாக எடுத்துவிட்டு, பிரித்து எழுத நேரம் செலவழிக்கக் கட்டுப்படியாகாத மிச்சத்தைப் பெட்டியில் போடுவார்கள். மிச்சம் என்றாலும் அது விஷயம் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகத் தேர்ந்து வைத்தது. கிலோ லாட்டின் சில்லறையோடு அதை ஒப்பிடவே கூடாது. உறை மேல் பென்சிலில் நாடும் ஆண்டும் எழுதி வைத்திருந்தால் உங்கள் பிரிக்கும் நேரமும் மிச்சம்.

ஆனால் சுத்தியல் விழும் தொகை நீங்கள் கட்டும் தொகை இல்லை. வாங்குபவர் கமிஷன் பல இடங்களில் 20 சதவீதத்துக்குக் குறையாது, அதன் மேல் வரி, இணைய ஏலத் தளத்தின் தனிக் கட்டணம், சில நிறுவனங்கள் தாங்களே பொட்டலம் கட்டமாட்டோம் என்பதால் வெளி ஆளுக்குக் கூலி. 100க்குக் கேட்டது 150ஆக வந்து சேர்ந்தால் ஆச்சரியமில்லை. கலவை லாட்டைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் விதி. போலி இருந்தாலும் உங்கள் பாடு.

இங்கே எதிரில் நிற்பவர்களும் வேறு. வியாபாரிகள்தான் உங்களோடு போட்டி போடுவார்கள். அவர்கள் மறுவிற்பனைக்கு இடம் விட்டுத்தான் கேட்க முடியும். அதனால் தனக்கென்று வைத்துக்கொள்ள வாங்கும் சேகரிப்பாளர் அவர்களை விட ஒரு படி மேலே போக முடியும். ஆனால் அந்த ஒரு படி உங்கள் துறைக்குள் இருக்க வேண்டும். உதுமானியக் காசு தெரிந்தவர் உதுமானியப் பெட்டிக்குக் கேட்பது புத்திசாலித்தனம். எதுவும் குறிப்பாகத் தெரியாதவர் "பெரிய பெட்டி, நிறைய இருக்கும்" என்று கேட்பது, கிலோ லாட்டையே கமிஷனோடு வாங்குவது போல. நேரில் போய்ப் பார்க்க அனுமதி இருந்து, போகவும் முடிந்தால் மட்டும் பெரிய தொகை போடலாம்.

## தனித்தனியாக வாங்குவது

பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. இருபது குறிப்பிட்ட காசுகள் மட்டும்தான் பட்டியலில் மிச்சம் என்றால் லாட் பக்கமே போக வேண்டாம். ஒவ்வொன்றாக, நிலை பார்த்து, திருப்பி அனுப்பும் உரிமையோடு வாங்குவதுதான் மொத்தத்தில் மலிவு. 1950, 1951 பிரிட்டிஷ் பென்னி வேண்டும் என்று கிலோ கிலோவாகப் பென்னி வாங்குபவர்கள் உண்டு. முதலாவது 2,40,000, இரண்டாவது 1,20,000தான் அடிக்கப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்ட மிச்சம்தான் கிலோவாக வருகிறது.

## மிஞ்சுவதை என்ன செய்வது

நான்கில் எதை எடுத்தாலும் மிச்சம் சேரும், கிலோவில் மலைபோல, சிறு லாட்டில் கைப்பிடி. வாங்கும் முன்பே அதற்கு வழி வைத்துக்கொள்ளாதவருக்கு அலமாரி இடம்தான் கடைசி மறைமுகச் செலவு. இரட்டைக் காசுகளை நியூமிஸ்டா போன்ற இணையப் பட்டியலில் பதிந்து வைத்தால் மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளலாம், தபால் செலவு மட்டும்தான். விற்பனைத் தளத்தில் மறுபடி விற்றால் கட்டணம் போய்ச் சின்னக் காசில் எதுவும் மிஞ்சாது. நாடுவாரியாகப் பத்துப் பத்தாகக் கட்டி விற்றால் தனிக்காசை விட வேகமாகப் போகும்.

அதிலும் மிஞ்சியதை, கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவருக்குக் கிலோவாகவே விற்றுவிடலாம். விவரத்தில் "வெள்ளியெல்லாம் எடுத்தாயிற்று" என்று எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.